பேட் பிரெயின்ஸ் ‘ராக் ஃபார் லைட்’: எந்த இசைத்தட்டை வாங்குவது?

அடைமழை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் மேல்படிப்புக்காக மேரிலாண்ட் வந்தேன். காலேஜ் பார்க்கில் தங்கியிருக்கிறேன். அறையில் கூட இருந்தவர் படிப்பு முடிந்து கிளம்பும்போது தன் டர்ன்டேபிளை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பழைய இசைத்தட்டு விற்கும் கடை எங்கே கண்ணில் பட்டாலும் உள்ளே நுழைந்துவிடுகிறேன். ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசை எனக்குப் புதிது. இந்தப் பக்கத்து ஆட்கள் வாஷிங்டன் டி.சி.யில் உருவான பேட் பிரெயின்ஸ் குழு என்றாலே சொந்த ஊர்க்காரர்கள் என்ற உரிமையோடு பேசுகிறார்கள். சரி, அவர்களிடமிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன்.

கடையில் அவர்களுடைய ‘ராக் ஃபார் லைட்’ ஆல்பம் இரண்டு இருந்தன. ஒன்று பழையது. உறையின் ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. கரோலைன் என்ற வெளியீட்டு லேபிள், 1991 என்று போட்டிருக்கிறது. விலை 60 டாலர். இன்னொன்று புத்தம் புதிது, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. 30 டாலருக்குள்தான். பழையதுதான் அசல், மற்றது வெறும் மறுபதிப்பு என்று பக்கத்தில் தட்டு புரட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்.

ஆனால் பாட்டு வரிசை இரண்டிலும் ஒன்றாக இல்லை. பழையது ‘பிக் டேக்ஓவர்’ என்ற பாட்டில் தொடங்குகிறது. புதியது ‘காப்டிக் டைம்ஸ்’ என்ற பாட்டில். ஒரே ஆல்பத்துக்கு ஏன் இரண்டு வரிசை? கேட்டதும் கடைக்காரர் பழையதைக் கொஞ்ச நேரம் போட்டுக் காட்டினார். பாடகரின் குரல் ஒல்லியாக, எங்கேயோ மேலே நின்று கேட்டது. நண்பர் ஒருவர் வீட்டில் இதே பாட்டுகளைக் கேட்டபோது இப்படி இல்லை. கடை டர்ன்டேபிள் வேகமாகச் சுற்றியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? எதை வாங்கட்டும்?

கருவட்டு எழுதியது:

பழையதாக இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது. இந்த ஆல்பம் முதலில் வந்தது 1983-இல், பி.வி.சி. என்ற லேபிளில். நீங்கள் பார்த்த 1991 தட்டும் மறுபதிப்புதான். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது இரண்டு மறுபதிப்புகள். பி.வி.சி. தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் அதற்குச் சொல்லும் விலையே வேறு.

குரல் விஷயம் ஊசிமுனை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அக்கா, வந்து சொல்லுங்கள். எனக்கும் ஒரு சந்தேகம்: என் டர்ன்டேபிளில் வேகத்தை ஏற்றி இறக்கும் பித்தான் இருக்கிறது. 1991 தட்டைப் போட்டு வேகத்தைக் கொஞ்சம் இறக்கினால் பழைய குரல் வந்துவிடாதா?

ஊசிமுனை எழுதியது:

அடைமழைத் தம்பி, உங்கள் காது மிகச் சரியாக இருக்கிறது. கடை டர்ன்டேபிளிலும் குறை இருந்திருக்காது. 1991 பதிப்பு ஒரு ரீமிக்ஸ், அதாவது முதலில் பதிவு செய்த குரலையும் கருவிகளையும் மறுபடி கலந்து எடுத்தது. அதில் பாடகர் ஹெச்.ஆர். குரலின் சுருதி அரைக் கட்டை வரைக்கும் ஏறியிருக்கிறது. முதல் தடவையிலேயே உங்களுக்கு அது தட்டுப்பட்டது என்றால், இந்த இசையைக் கேட்கத் தேவையானது உங்களிடம் இருக்கிறது.

நான் வட வர்ஜீனியாவில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு இந்தத் தட்டுகளைத்தான் போட்டுக் கேட்பேன். இரண்டும் எப்படி ஒரு வீட்டில் என்று கேட்பவர்கள் உண்டு. பேட் பிரெயின்ஸின் தாளக் கட்டுப்பாட்டைக் கவனித்துக் கேட்டால் அந்தக் கேள்வியே வராது. இவர்கள் நேராகப் பங்க் வாசிக்க வந்தவர்கள் இல்லை. அதற்கு முன் மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃபியூஷன் வாசித்தார்கள். கிட்டாரில் டாக்டர் நோ, பேஸில் டாரில் ஜெனிஃபர், ட்ரம்ஸில் ஏர்ல் ஹட்சன், பாட்டு அவருடைய அண்ணன் ஹெச்.ஆர். என்கிற பால் ஹட்சன். கை பழகிய பிறகுதான் வேகத்துக்கு வந்தார்கள். அதனால்தான் அவ்வளவு ஓட்டத்திலும் நான்கு பேரும் ஒரே புள்ளியில் டக்கென்று நின்று, ஒரே புள்ளியில் கிளம்புகிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடியும் இடத்தில் கை தானாகத் தொடையில் விழுமே, எனக்கு இங்கேயும் விழும்.

இனி அந்தச் சுருதி. என்னிடம் பி.வி.சி. தட்டும் உண்டு, கரோலைன் தட்டும் உண்டு. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். முதல் தட்டோடு சேர்ந்து நின்ற சுருதி அடுத்த தட்டில் உரசியது. பெட்டியின் குமிழை மேலே திருகிய பிறகுதான் சேர்ந்தது. ஒன்றாம் கட்டையில் பாடுகிறவரை ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். அவரே ஏற்றிப் பாடினால் அது பாட்டு. டேப்பின் வேகத்தை வைத்து ஏற்றினால் கதை வேறு. அரைக் கட்டை ஏற வேண்டுமென்றால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட வேண்டும். 3 நிமிடப் பாட்டு என்றால் 10 விநாடி சுருங்கும்.

நேரம் சுருங்குவதுகூடப் பெரிய விஷயமில்லை. குரலுக்கு ஒரு உடம்பு உண்டு. மார்பு, தொண்டை, மூக்கு, இவற்றின் அளவுதான் ஒருவருடைய குரலை அவருடையதாக்குகிறது. டேப் வேகமாக ஓடினால் அந்த அளவு மொத்தமும் சேர்ந்து சுருங்கும். ஹெச்.ஆர். அடித்தொண்டையில் உறுமிவிட்டு, அடுத்த சொல்லிலேயே மூக்கொலியோடு மேலே வழுக்கிப் போவார். உறுமலில் கனம் இருந்தால்தான் அந்த வழுக்கலின் உயரம் தெரியும். ரீமிக்ஸில் கீழே இருந்த கனம் குறைந்துபோய், எல்லாமே மேல் பாதியில் நடக்கிறது. நீங்கள் ‘ஒல்லியாக’ என்று எழுதியது இதைத்தான்.

கருவட்டு, உங்கள் பித்தான் யோசனை சுருதிக்கு ஓரளவு உதவும், மிக்ஸுக்கு உதவாது. 1991-இல் குரலையும் கருவிகளையும் மறுபடி ஒன்றோடொன்று அளந்து சேர்த்திருக்கிறார்கள். எது முன்னால், எது பின்னால் என்பதே மாறிவிட்டது. அதை வீட்டில் பிரித்தெடுக்க வழியில்லை. பாட்டுக்குப் பாட்டு வேறு பித்தானைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். தட்டு கேட்கிற சந்தோஷமே போய்விடும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1979-இல் வாஷிங்டன் டி.சி.யின் தென்கிழக்கில் வேலி கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் மேடை போட்டு வாசித்தவர்கள் இவர்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. பங்க் என்றால் வெள்ளைக்காரப் பையன்கள் சமாச்சாரம் என்று நகரமே நினைத்துக்கொண்டிருந்த காலம். டி.சி. கிளப்புகளின் கதவு அடைபட்டதைத்தான் ‘பேன்ட் இன் டி.சி.’ (டி.சி.யில் தடை) என்று பாட்டாக்கினார்கள். பிறகு நியூயார்க் போனார்கள். 1982-இல் ராய்ர் என்ற கேசட் லேபிளில் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த வருடம் ‘ராக் ஃபார் லைட்’. அதைத் தயாரித்தவர் ரிக் ஓகாசெக். ‘த கார்ஸ்’ குழுவின் பாடகர். வானொலியைத் திருப்பினால் அவர் பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். பாஸ்டனில் கார்ஸ் குழுவுக்குச் சொந்தமான சிங்க்ரோ சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. அத்தனை வெற்றி பெற்ற ஒருவர், கிளப்புகள் கதவடைத்த நான்கு பேரைக் கூப்பிட்டுத் தன் ஸ்டூடியோவில் உட்காரவைத்து வேலை செய்தார். அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2019-இல் அவர் காலமானபோது எழுதியவர்கள் பலரும் கார்ஸ், அவர் தயாரித்த வீஸர் குழு என்று எழுதினார்கள். நான் இந்தத் தட்டைத்தான் எடுத்துப் போட்டேன்.

பி.வி.சி. பெரிய லேபிள் இல்லை. 1991-இல் கரோலைன் மூலம் ஆல்பம் மறுபடி வந்தபோது ஓகாசெக்கும் பேஸ் வாசித்த டாரில் ஜெனிஃபரும் சேர்ந்து ரீமிக்ஸ் செய்தார்கள். வரிசை மாறியது, 3 பாட்டு கூடியது, குரல் ஏறியது. அதற்குப் பிறகு கடையில் ‘ராக் ஃபார் லைட்’ கேட்டால் கிடைத்தது இதுதான். ஒரு தலைமுறையே 1991 மிக்ஸைத்தான் 1983 என்று நினைத்துக் கேட்டு வளர்ந்திருக்கிறது. ஆல்பத்தின் பெயர் ஊரறிந்தது. அதன் முதல் வடிவம் மட்டும் சேகரிப்பாளர்களின் அலமாரியில் ஒளிந்து கிடந்தது.

2021-இல் குழு தன் சொந்தப் பெயரிலேயே பேட் பிரெயின்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று வைத்து, ஆர்க் மியூசிக் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பழைய ஆல்பங்களை வரிசையாகக் கொண்டுவந்தது. அதில் ‘ராக் ஃபார் லைட்’ பழைய மிக்ஸோடு, பழைய வரிசையோடு வந்தது. இன்ஃப்ராசோனிக் மாஸ்டரிங்கில் டேவ் கார்ட்னர் மாஸ்டர் செய்தார், அதாவது அச்சுக்குப் போகும் இறுதிப் பிரதியைத் தயார் செய்தார். அச்சடித்தது ஃபர்னஸ் ஆலை. அது வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் இருக்கிறது தம்பி, பொடோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம். டி.சி.க்குள் வாசிக்க இடம் கிடைக்காமல் போன இசை, அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் வருகிற ஊரில் தட்டாக அச்சாகிறது. அந்த ஆலை இருக்கும் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆகவே புதியதை வாங்குங்கள். 1983-இல் அந்த நான்கு பேரும் ஓகாசெக்கும் சேர்ந்து வெளியே அனுப்பிய சத்தம் அதில்தான் இருக்கிறது.

பாட்டு வரிசை பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அது குரலுக்குச் சமமான விஷயம். எல்.பி. தட்டுக்கு இரண்டு பக்கம், அதனால் இரண்டு தொடக்கம் உண்டு, இரண்டு முடிவு உண்டு. முதல் வரிசையில் ‘காப்டிக் டைம்ஸ்’, ‘அட்டிட்யூட்’, ‘வி வில் நாட்’, ‘சேலின் ஆன்’ என்று நான்கும் மூச்சுவிடாமல் ஓடும். ஐந்தாவதாக ‘ரேலி ரவுண்ட் ஜா த்ரோன்’. ஜமைக்காவின் நிதானமான ரெக்கே இசை, முழுக்க. ஏர்ல் ஹட்சன் திடீரென்று அத்தனை இடத்தையும் காலியாக விட்டு வாசிப்பார். அதற்கு முன் வந்த நான்கு பாட்டின் வேகம் என்ன என்பதே அந்த இடத்தில்தான் உடம்புக்கு உறைக்கும். பிறகு தட்டைத் திருப்பினால் முதலில் ‘பேன்ட் இன் டி.சி.’. எழுந்து போய், தட்டைக் கையில் எடுத்துத் திருப்பி, முள்ளை வைக்கிறீர்கள். வைத்ததும் அந்தப் பாட்டு வருகிறது. 20 பாட்டையும் ஒரே மூச்சில் ஓட்டும் சி.டி.யில் அந்த இடமே கிடையாது. 1991 வரிசையில் அதே பாட்டு நடுவில் ஒரு பாட்டாக வந்து போய்விடுகிறது.

கடையில் எப்படிச் சரிபார்ப்பது என்றால், உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் பாட்டு ‘காப்டிக் டைம்ஸ்’ என்றால் பழைய வரிசை. ‘பிக் டேக்ஓவர்’ என்றால் 1991. உறை மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தட்டை வெளியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நடு லேபிளைப் படியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்குமுன் வெறுமையாக ஒரு வளையம் இருக்குமே, அதில் கீறியிருக்கும் எண்ணை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு விற்பனையாளர் 1991 தட்டை 1983 என்று சொல்லி எனக்கு விற்கப் பார்த்தார். அந்த வளையத்தைப் பார்த்துத்தான் தப்பித்தேன்.

வண்ணத் தட்டு, மாற்று உறை என்றெல்லாம் வந்திருக்கிறது. பழைய ஜாஸ் ஆல்பங்களின் பாணியில் ஜான் யேட்ஸ் வடிவமைத்த ‘பங்க் நோட்’ உறைகள் உண்மையிலேயே அழகு. ஜாஸில் தொடங்கியவர்களுக்கு அந்த உடை பொருந்தியும் இருக்கிறது. ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கறுப்புத் தட்டே போதும்.

தோள்பை எழுதியது:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 1991 தட்டை இப்படி ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். நான் 90-களில் நியூ ஜெர்சியில் படித்தேன். தமிழ்ப் பையன், பங்க் கச்சேரிக்குப் போனால் சுற்றிலும் நம் நிறத்தில் ஒருவர் இருக்கமாட்டார். அந்தச் சமயத்தில் கரோலைன் சி.டி. கைக்கு வந்தது. உறையில் கறுப்பு முகங்கள். ‘பிக் டேக்ஓவர்’ தொடங்கும் விதம் இருக்கிறதே, மெதுவாக ஏறி ஏறி வந்து வெடிக்கும். ஆல்பத்தின் முதல் சத்தமாக அது வந்ததால்தான் நான் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘காப்டிக் டைம்ஸ்’ முதலில் வந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா தெரியாது.

இன்னொன்று. ரீமிக்ஸ் செய்தது வெளியாள் இல்லை. தயாரித்த ஓகாசெக்கும், பேஸ் வாசித்த ஜெனிஃபரும். தங்கள் வேலையைத் தாங்களே திருத்த அவர்களுக்கு உரிமை இல்லையா? எது அசல் என்று நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஊசிமுனை எழுதியது:

தோள்பை, உரிமை முழுக்க அவர்களுடையது. அதனால்தான் 1991-ஐப் போலி என்று நான் எழுதவில்லை. லேபிள்காரர்கள் முதுகுக்குப் பின்னால் செய்த காரியமாக இருந்தால் என் வார்த்தை வேறாக இருந்திருக்கும். நீங்கள் சொல்லும் ‘பிக் டேக்ஓவர்’ தொடக்கமும் உண்மை. அந்த ஏற்றத்துக்கு ஈடாக இந்த இசையில் அதிகம் இல்லை. உங்கள் சி.டி.யை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

நான் வருத்தப்படுவது வேறு ஒன்றுக்கு. திருத்திய பிரதி வந்ததும் முதல் பிரதி கடையிலிருந்து காணாமல் போனது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அவரவர் காது தீர்மானித்திருக்கும். 30 வருடம் அந்த வாய்ப்பு இல்லை. முதல் மிக்ஸைக் கேட்க வேண்டுமென்றால் பி.வி.சி. தட்டைத் தேடிப் பெரிய விலை கொடுக்க வேண்டும், அந்தக் காசில் ஒரு செல்லாக்காசுகூடக் குழுவுக்குப் போகாது. மறுபதிப்பு என்றாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள், அசல் வைத்திருப்பவனுக்குத்தான் கௌரவம் என்பதுபோல. எனக்கு அந்த மனநிலையே பிடிக்காது. இந்த இசை குறைந்த காசுக்கு நிறையப் பேரிடம் போக வேண்டும் என்று பிறந்தது. ஒரு மாணவர் 30 டாலருக்குள் 1983 மிக்ஸை வாங்க முடிகிறது என்பதை நான் பெரிய நியாயமாகப் பார்க்கிறேன்.

காசு யாருக்குப் போகிறது என்பதும் இந்தக் குழு விஷயத்தில் கவனிக்க வேண்டியது. 2015 கடைசியில் டாக்டர் நோவுக்கு மாரடைப்பு வந்து உயிருக்குப் போராடினார். ஹெச்.ஆர். பொறுக்க முடியாத தலைவலி நோயால் தவித்து, 2017-இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அமெரிக்க மருத்துவமனைச் செலவு என்னவென்று நமக்குத் தெரியும். இருவருக்கும் ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். இவ்வளவு பேரை உருவாக்கிய இசைக்காரர்களுக்குக் கையேந்தும் நிலை வந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர்கள் பெயரில் இருக்கும் லேபிளிலிருந்து வரும் தட்டை வாங்குவது சரியான காரியம்.

முள்மாற்றி எழுதியது:

மிக்ஸ் பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் தட்டைப் பற்றி மட்டும்.

அடைமழை, உங்கள் நண்பர் விட்டுப்போன டர்ன்டேபிளில் முள் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். தெரியாது என்றால் முதலில் முள்ளை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் 12 அங்குலத் தட்டில், வெளி ஓரத்தில் முள்ளுக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது 20 செ.மீ. சொச்சம்தான். ஒரே விநாடிச் சத்தத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் ட்ரம்ஸின் சிம்பல், பாடகரின் ‘ஸ்’ சத்தம் இரண்டும் கரகரக்கும். தேய்ந்த முள் என்றால் இன்னும் மோசம். இந்த ஆல்பத்தில் இரண்டாம் பக்கத்தின் கடைசி ‘அட் த மூவீஸ்’. உங்கள் முள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதையே போட்டுக் கேட்கலாம். அங்கே சிம்பல் சுத்தமாகக் கேட்டால் கவலை இல்லை.

புதுத் தட்டு என்றாலும் அட்டைக்கு உள்ளே இருக்கும் காகித உறையின் தூசி ஒட்டியிருக்கும். போடுவதற்குமுன் கார்பன் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் துடையுங்கள். அந்த உள் காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வழுவழுப்பான உள் உறை ஒன்று வாங்கி மாற்றுங்கள்.

அடைமழை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஊசிமுனை அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்றே போய்ப் புதியதை வாங்கிவிட்டேன். பின்பக்கத்தில் ‘காப்டிக் டைம்ஸ்’தான் முதலில். முள்மாற்றி அண்ணா சொன்னபடி முள்ளையும் மாற்றினேன். ‘அட் த மூவீஸ்’ சுத்தமாகக் கேட்கிறது. குரல் நண்பர் வீட்டில் கேட்டது மாதிரியே கனமாக இருக்கிறது. ‘ரேலி ரவுண்ட் ஜா த்ரோன்’ வந்ததும் நீங்கள் எழுதியது புரிந்தது. முதலில் தட்டு மாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். கடையில் மஞ்சள் உறை போட்ட இன்னொரு பேட் பிரெயின்ஸ் தட்டும் இருக்கிறது. பின்பக்கம் பார்த்தால் நான் வாங்கியதில் இருக்கும் சில பாட்டுகள் அதிலும் இருக்கின்றன. அதே பதிவுதானா? திரும்ப வாங்க வேண்டுமா?

ஊசிமுனை எழுதியது:

அதே பாட்டு, வேறு பதிவு. நான் மேலே சொன்ன ராய்ர் கேசட்தான் அது. நியூயார்க்கில் நீல் கூப்பர் நடத்திய லேபிள், கேசட் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தது. பதிவு செய்தது அவென்யூ ஏ-யில் 171ஏ என்ற சின்ன இடத்தில். டி.சி.யின் நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல் இடி இறங்கும் படம்தானே உறையில்? அதேதான்.

இதில் ஓகாசெக் கிடையாது, பாஸ்டன் ஸ்டூடியோவும் கிடையாது. கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டு வரும். சின்ன அறையில் அவர்களுக்கு எதிரே நிற்பது போலிருக்கும். ‘ராக் ஃபார் லைட்’டில் ஒவ்வொரு கருவிக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், டாக்டர் நோவின் விரல் வேலை துலக்கமாகத் தெரியும். எனக்குக் கேட்டால் பாட்டின் ஆவேசத்துக்கு மஞ்சள் தட்டு, வாசிப்பின் நுட்பத்துக்கு உங்களிடம் இருக்கும் தட்டு. சிலர் ராய்ர் பதிவு இருக்கும்போது மற்றது எதற்கு என்பார்கள். அவர்களில் பலர் 1991 மிக்ஸை மட்டும் கேட்டுவிட்டு அந்த முடிவுக்கு வந்தவர்கள் என்பது என் சந்தேகம்.

வாங்க வேண்டும் என்று அவசரமில்லை. அடுத்த மாதம் கையில் காசு இருந்தால் வாங்குங்கள். அதுவும் இப்போது குழுவின் லேபிளில் வந்திருக்கிறது, அதையே பார்த்து எடுங்கள். ‘சேலின் ஆன்’ இரண்டிலும் உண்டு. மஞ்சள் தட்டில் அதுதான் முதல் பாட்டு, உங்களிடம் இருப்பதில் நான்காவது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று இங்கே எழுதுங்கள்.